வீட்டு வசனம்

சுலோசனா பைபிள் வாங்கியது பக்தியால் அல்ல. ஒரு மனிதரைப் பழிவாங்க வேண்டியிருந்தது, அதற்கு அந்தப் புத்தகம் தேவைப்பட்டது. தமிழ்ச் சபையில் கேட்டிருந்தால் சும்மாவே கொடுத்திருப்பார்கள். அவள் வேண்டாம் என்று காசு கொடுத்தே வாங்கினாள். வெட்டப் போகிறவள் இரவல் கத்தியா வாங்குவாள்?

அந்த மனிதரின் பெயர் தேவசித்தம். ஹவுராவில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர், ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் மூப்பர். நாசரேத்துக்காரர். சுலோசனாவின் கணவன் அர்ஜுனனுக்கு ஸ்ரீவைகுண்டம். ஊரிலேயே இருந்திருந்தால் இவர்கள் யாரோ, அவர்கள் யாரோ. கல்கத்தாவுக்கு வந்த பிறகு ஒரே ஜில்லா என்பதே சொந்தமாகிவிட்டது. அர்ஜுனனுக்குக் கம்பெனியில் ஃபிட்டர் வேலை வாங்கிக் கொடுத்ததே தேவசித்தம்தான். சுலோசனாவுக்கு அவர் அண்ணாச்சி, அவர் மனைவி கிருபாவதி மதினி. மகள் தாரா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் கிருபாவதி. டிசம்பரில் அங்கிருந்து கேக் வரும், தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும்.

எழுபத்தேழாம் வருஷக் கோடையில் கம்பெனி ஸ்டோரிலிருந்து இயந்திரத் தண்டுகளுக்குப் பொருத்தும் பித்தளை புஷ்கள் ஒரு பெட்டி காணாமல் போயின. விசாரணை வைத்தார்கள். சாயங்காலச் சங்கு ஊதிய பிறகு அர்ஜுனன் கனத்த பையோடு பின் கேட் வழியாகப் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாக தேவசித்தம் சாட்சி சொன்னார். விசாரணை அதிகாரி தயங்கினார், ஏனென்றால் அர்ஜுனன் மேல் அதுவரை ஒரு புகாரும் கிடையாது. அப்போது தேவசித்தம் சட்டைப் பையிலிருந்து கறுப்பு அட்டை போட்ட சின்னப் புதிய ஏற்பாட்டை எடுத்து மேசையில் வைத்தார், அதன் மேல் கையை வைத்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. கம்பெனி விசாரணையில் அப்படி ஒரு வழக்கமும் இல்லை. அவராகவே வைத்தார். மிஷன் பள்ளியில் படித்த அந்த வங்காளி அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

அர்ஜுனன் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தான்.

"வேதத்து மேலயே கைய வச்சிட்டாரு. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?" என்றான்.

"அப்படி என்ன இருக்கு அந்தப் புத்தகத்துல?"

"எனக்கென்ன தெரியும்."

"அப்ப நான் பாக்கேன்" என்றாள் சுலோசனா.

வேலை போனது. கம்பெனி குவார்ட்டர்ஸ் போனது. கதம்தலாவில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறைக்குக் குடிபெயர்ந்தார்கள். அர்ஜுனன் பெலிலியஸ் ரோட்டில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தான், முந்தியே அதிகம் பேசாதவன் இப்போது பேச்சையே விட்டுவிட்டான். தாரா பள்ளிக்கூடத்திலிருந்து ஒருநாள் முகம் வீங்கி வந்தாள். அவளை யாரோ 'சோரேர் மேயே' என்று கூப்பிட்டார்களாம். திருடன் மகள். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் சுலோசனாவின் வயிற்றில் ஒன்று பற்றிக்கொண்டது, பிறகு அது அணையவே இல்லை. தேவசித்தம் அழ வேண்டும். அவருடைய ஆட்களுக்கு முன்னால், அவருடைய புத்தகத்தாலேயே அடிபட்டு அழ வேண்டும். அதற்குக் குறைந்த எதுவும் அவளுக்கு வேண்டாம்.

டிராமில் பாலத்தைத் தாண்டித் தமிழ்ச் சபைக்குப் போனாள். சனிக்கிழமை சாயங்காலங்களில் கோயிலை ஒட்டிய அறையில் புதியவர்களுக்கு வேதபாட வகுப்பு நடக்கும். நடத்துகிறவள் ஞானப்பூ, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். சுலோசனாவைவிட வயதில் சின்னவள், வார்டில் நின்று நின்று கால் வீங்கியிருக்கும், அதனால் ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பாடம் சொல்வாள்.

சுலோசனா முதல் நாளே வந்த விஷயத்தைக் கேட்டுவிட்டாள். "பொய்ச்சத்தியம் பண்ணினவனுக்கு என்ன தண்டனைன்னு இதுல எந்தப் பக்கத்துல இருக்கு?"

ஞானப்பூ சிரித்தாள். "அக்கா, இது ஒரு புத்தகம்னு நினைச்சு வந்திருக்கிய. இது ஒரு அலமாரி. பைண்டு மட்டுந்தான் ஒண்ணு."

பிறகு பொறுமையாக விளக்கினாள். முதல் பாதி யூதர்கள் வைத்திருந்த பழைய வேதம். உலகம் உண்டான கதை, சட்டங்கள், ராஜாக்களின் சரித்திரம், பாட்டுகள், தீர்க்கதரிசிகள் ஜனங்களைத் திட்டியதும் தேற்றியதும் எல்லாம் அதில். இரண்டாவது பாதி, புதிய ஏற்பாடு, இயேசு வந்த பிறகு எழுதப்பட்டது. அவருடைய வாழ்க்கையை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். அப்புறம் சபைகளுக்கு எழுதிய கடிதங்கள். எழுதியவர்களில் ராஜாவும் உண்டு, ஆடு மேய்த்தவனும் உண்டு, மீன் பிடித்தவனும் உண்டு. ஒருவன் எழுதியது அடுத்தவனுக்குத் தெரியாது, அவ்வளவு காலம் தள்ளித் தள்ளிப் பிறந்தவர்கள்.

"ஆனா எல்லாத்துலயும் ஒரே ஆள் பேசுததாத்தான் எங்களுக்குக் கேக்கும்" என்றாள் ஞானப்பூ.

"அந்த ஆளு பொய்ச்சத்தியத்தப் பத்தி என்ன பேசினாரு?"

"ஆரம்பத்துலேருந்து வாசிங்க அக்கா. அங்க தானா வந்து சேருவிய."

சுலோசனா வாசித்தாள். சமையலுக்கு நடுவில் வாசித்தாள், டிராமில் வாசித்தாள், தண்ணீர்க் குழாயடியில் வாளியைப் போட்டுவிட்டு நின்று வாசித்தாள். சந்துக்காரப் பெண்கள் 'மாத்ராஜி பௌதி'க்கு, அந்த மதராஸி அண்ணிக்கு, என்ன ஆயிற்று என்று பேசிக்கொண்டார்கள். முதல் புத்தகத்திலேயே அவளுக்குச் சுவாரசியம் பிடித்துவிட்டது. அண்ணன் தம்பியைக் கொல்கிறான், தம்பி அண்ணனை ஏமாற்றுகிறான், சொந்த அண்ணன்மாரே தம்பியை விற்றுவிட்டு அப்பனிடம் வந்து அழுகிறார்கள். சாமி புத்தகம் என்றால் எல்லாரும் நல்லவர்களாக இருப்பார்கள் என்று நினைத்திருந்தாள். இது அவளுடைய சொந்தக்காரர்கள் கதைபோல இருந்தது. கூடாரம் கட்டுகிற அளவுகள் வந்த இடத்தில் மட்டும் தூக்கம் வந்தது.

சங்கீதம் என்ற பாட்டுப் புத்தகத்துக்கு வந்தபோது அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எதிரியின் பல்லை வாயிலேயே உடைத்துப்போடும்படி ஒருவன் கடவுளிடம் கேட்கிறான். கெஞ்சிக்கூடக் கேட்கவில்லை, உரிமையாகக் கேட்கிறான். அதைக் கோயிலில் பாட்டாகவும் பாடுகிறார்களாம்.

"இப்படியெல்லாம் சாமிட்ட கேக்கலாமா?" என்று ஞானப்பூவிடம் கேட்டாள்.

"கேக்கலாம் அக்கா. கேக்கணும்னுதான் வச்சிருக்கு. உள்ள வச்சிக்கிட்டு வெளிய சிரிக்கதுக்குப் பதிலா அவருட்டயே கொட்டிரலாம்லா. ஆனா உடைக்கதா வேண்டாமான்னு முடிவு பண்ணுதது அவரு. நாம கையில சுத்தியல எடுக்கக் கூடாது."

முதல் பாதி பதில் சுலோசனாவுக்குப் பிடித்திருந்தது. இரண்டாம் பாதியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புதிய ஏற்பாட்டில் பகைவனை நேசிக்கச் சொல்லியிருந்த இடங்களை அவள் வேகமாகத் தாண்டினாள். ஆனால் மத்தேயுவில் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். வானத்தின் பேரிலும் வேண்டாம், பூமியின் பேரிலும் வேண்டாம், உன் தலையின் பேரிலும் வேண்டாம், சத்தியமே பண்ணாதே, ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று சொல், அது போதும் என்கிற மாதிரி இயேசுவே சொல்லியிருந்தார். சுலோசனா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். அன்றைக்கு விசாரணை மேசையில் இருந்ததும் இதே புதிய ஏற்பாடுதான். சத்தியம் பண்ணாதே என்று சொல்லும் பக்கம் தேவசித்தத்தின் உள்ளங்கைக்குக் கீழேயே இருந்திருக்கிறது. அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்துத்தான் அவர் சத்தியம் பண்ணியிருக்கிறார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

தேவசித்தம் அவள் வருவதைக் கவனிக்காமல் இல்லை. முதலில் கொஞ்சம் திடுக்கிட்டார். பிறகு அதையும் தன் கணக்கிலேயே வரவு வைத்துக்கொண்டார். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்றவர்களிடம், "ஆண்டவர் யார எந்த வழியா இழுப்பாருன்னு நமக்குத் தெரியுமா? அந்தக் குடும்பத்துக்காக நான் எவ்வளவு ஜெபிச்சிருக்கேன்" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. அவர் மேடையில் நின்று அன்றைய பாடத்தை வாசிக்கும்போது குரல் மணிபோல இருக்கும். அந்தக் குரல் அழுகையில் உடைந்தால் எப்படிக் கேட்கும் என்று நினைத்துக்கொண்டே அவள் பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். கிருபாவதி மட்டும் அவள் பக்கம் வரமாட்டாள். தூரத்திலிருந்து பார்ப்பாள், தலையைக் குனிந்துகொள்வாள்.

வசனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. முகத்துக்கு நேரே நீட்டினால் ஆயிரம் விளக்கம் சொல்வார், மூப்பர் ஆயிற்றே. அதற்கும் ஞானப்பூதான் தெரியாமல் வழிகாட்டினாள்.

"பிள்ளைக்குக் காய்ச்சல்னா தலைமாட்டுல திறந்து வச்சு வாசிப்போம், கல்யாணம்னா வாசிப்போம், சாவுன்னா வாசிப்போம். எல்லா வீட்டுலயும் காலையிலயும் சாயங்காலமும் வாசிப்போம். அறிவுக்காக வாசிக்கது கொஞ்சந்தான் அக்கா. இன்னைக்கு எனக்கு என்ன சொல்லுதாருன்னுதான் பாப்போம். வேற ஒருத்தனுக்கு எப்பவோ எழுதினது திடீர்னு நம்ம பேரச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருக்கும். அதுதான் எங்க பலம்" என்றவள், கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுதான் எங்க பயமும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

சுலோசனாவுக்குத் தேவைப்பட்டது அந்தக் கடைசி வார்த்தைதான்.

அந்தச் சபையில் புத்தாண்டு காலை ஆராதனையின் முடிவில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு வசனச் சீட்டை எடுக்கும். ஒரு தட்டு நிறைய சுருட்டி நூல் கட்டிய சீட்டுகள் இருக்கும். வீட்டின் பெயரைக் கூப்பிட்டதும் முன்னால் வந்து ஒன்றை எடுத்துப் பிரித்துச் சத்தமாக வாசிக்க வேண்டும். சபை முழுவதும் 'ஆமென்' சொல்லும். அந்த வருஷம் முழுக்க அதுதான் அந்த வீட்டுக்குக் கடவுள் கொடுத்த வாக்கு. வீட்டு வசனம் என்பார்கள். நிலைக்கு மேலே ஒட்டிவைப்பார்கள். சீட்டில் எல்லாமே இனிப்பான வாக்குகளாக இருக்கும்: ஆசீர்வதிப்பேன், கைவிடமாட்டேன், பெருகப்பண்ணுவேன். புத்தாண்டு அன்றைக்கு யாருக்கும் கசப்பு கொடுப்பதில்லை.

அச்சடித்த சீட்டுகள் வருஷாவருஷம் மெட்ராஸிலிருந்து பார்சலில் வரும். அந்த வருஷம் ஆந்திராவில் அடித்த புயலுக்குப் பிறகு பார்சல் வந்து சேரவில்லை. கையால் எழுதிவிடலாம் என்றார் பாஸ்டர். ஆனால் யார் எழுதுவது? சபைப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வங்காளம் எழுத வரும், இங்கிலீஷ் எழுத வரும், தமிழ் எழுதச் சொன்னால் ஓடி ஒளிந்துகொள்வார்கள். ஞானப்பூவுக்கு நைட் டியூட்டி.

"அக்கா, உங்க எழுத்து அச்சு மாதிரி இருக்குமே" என்றாள்.

எழுத வேண்டிய வசனங்களை ஞானப்பூ பென்சிலால் கோடிட்டுக் கொடுத்தாள். சுலோசனா எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதினாள். ஒரு தவறு இல்லை, ஒரு அடித்தல் இல்லை. கடைசியில் கோடிடாத ஒன்றையும் எழுதினாள். சகரியா என்ற தீர்க்கதரிசியின் புத்தகத்தில் பார்த்து வைத்திருந்தது. என் பேரைச் சொல்லிப் பொய்யாணை இட்டவனுடைய வீட்டுக்குள் சாபம் நுழையும், நடுவீட்டில் தங்கும், உத்திரத்தையும் கல்லையும் விடாமல் வீட்டையே தின்று தீர்க்கும் என்று கடவுள் சொல்வதாக அந்த இடம். அதை மற்றவற்றைவிட இன்னும் அழகாக எழுதினாள். சுருட்டி நூல் கட்டும்போது அந்தச் சீட்டுக்கு மட்டும் இரட்டை முடிச்சுப் போட்டாள், விரலுக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்று.

அர்ஜுனன் பட்டறையிலிருந்து வந்து, தரை முழுக்கச் சிதறிக் கிடந்த சீட்டுகளைப் பார்த்தான்.

"இந்தப் புத்தகம் நம்ம வீட்டுக்கு எதுக்கு?" என்றான்.

"இதாலதான உங்க வேலை போச்சு. இதாலயே வாங்கித் தாரேன்."

அவன் ஒன்றும் புரியாமல் கையைக் கழுவப் போனான்.

எழுபத்தெட்டாம் வருஷப் புத்தாண்டு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. கோயில் நிறைந்திருந்தது. "எழுதினவங்களே தட்டப் பிடிக்கட்டும்" என்று ஞானப்பூ சொல்லிவிட்டாள். நெற்றியில் குங்குமத்தோடு சுலோசனா முன்னால் நின்றதை ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்துப் பார்த்தார்கள், பாஸ்டர் பார்க்கவில்லை. இரட்டை முடிச்சுச் சீட்டு அவள் கட்டைவிரலுக்குக் கீழே தட்டின் விளிம்பில் இருந்தது. குடும்பம் குடும்பமாக வந்தார்கள், எடுத்தார்கள், வாசித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆமென். தேவசித்தத்தின் பெயரைக் கூப்பிட்டதும் அவள் தட்டை மெல்லத் திருப்பி, சீட்டை முன்பக்கம் தள்ளி வைத்தாள்.

அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். தட்டுக்கு முன்னால் வந்து நின்றவர், ஒதுங்கி வழிவிட்டார்.

"வீட்டு வசனம் வீட்டுக்காரிதான் எடுக்கணும். நீ எடு" என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

சுலோசனா இதை எதிர்பார்க்கவில்லை. ஆண்பிள்ளைதான் எடுப்பான் என்று நினைத்தாளே தவிர, சுவரில் ஒட்டி வருஷம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவள் எடுப்பதுதான் அந்த வீட்டு வழக்கம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சீட்டைப் பின்னால் இழுக்க நினைத்தாள். அதற்குள் கிருபாவதியின் விரல் அதைத் தொட்டுவிட்டது. இரட்டை முடிச்சை அவிழ்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிரித்தாள், மனசுக்குள் வாசித்தாள். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து சுலோசனாவின் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு சத்தமாக வாசித்தாள். வார்த்தை வார்த்தையாக, எதையும் விழுங்காமல் வாசித்தாள்.

சபை பழக்கத்தில் 'ஆமென்' என்றது. காலையிலிருந்து ஆசீர்வாதமாகவே கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போயிருந்தது, யாரும் அர்த்தத்தைக் கவனிக்கவில்லை. பொய்ச்சத்தியம் பண்ணினவன் வீடு அழியட்டும் என்பதற்குக் கோயில் முழுவதும், பிள்ளைகள் உட்பட, ஒரே குரலில் 'அப்படியே ஆகட்டும்' என்று சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று ஒவ்வொருவராக உறைத்தது. தேவசித்தத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. சட்டைப் பையிலிருந்த சின்னப் புத்தகத்தை, சுட்டுவிட்டதுபோலக் கையால் மூடிக்கொண்டார். பாஸ்டர் தொண்டையைக் கனைத்து, "அடுத்த குடும்பம்" என்றார்.

சுலோசனாவுக்குச் சந்தோஷம் தலைக்கேறியது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இத்தனை மாதம் வயிற்றில் எரிந்ததற்கு அன்றுதான் ஒரு வாய் குளிர்ந்த தண்ணீர் கிடைத்தது. தட்டு நடுங்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆராதனை முடிந்ததும் ஞானப்பூ அவளைப் பக்கத்து அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அது நான் கோடு போட்டுக் குடுத்தது இல்ல."

"இல்ல."

"அக்கா, அவரு பண்ணினதையே நீங்களும் பண்ணிட்டிய. அந்தப் புத்தகத்து மேல கைய வச்சிட்டிய."

"வச்சேன். ஆனா நான் வச்சது உண்மைக்கு" என்றாள் சுலோசனா. "நானா ஒரு எழுத்துக் கூட்டினேனா, குறைச்சேனா? உள்ளதத்தான் எழுதினேன். உங்க அலமாரியில இருந்ததத்தான் எடுத்தேன்."

ஞானப்பூ ஸ்டூலில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மதினி பாவம், அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

அது முள்ளாகத் தைத்துவிட்டது. தேவசித்தம் அடுத்த வாரம் பாடம் வாசிக்கவில்லை என்று கேள்விப்பட்டபோது சுலோசனா மகிழ்ந்தாள். கிருபாவதி சாப்பிடுவதில்லை, மோட்டு உத்திரம் விரிசல் விடும் சத்தம் கேட்கிறது என்கிறாள் என்று கேள்விப்பட்டபோது அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிரசவ வார்டில் தன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்த பெண்மேல் அவளுக்குக் கோபம் கிடையாது. இரண்டு நாள் தன்னோடு சண்டை போட்டுவிட்டு, மூன்றாம் நாள் மத்தியானம் கிருபாவதியின் குவார்ட்டர்ஸுக்குப் போனாள்.

நிலைக்கு மேலே சீட்டு ஒட்டியிருந்தது. நாலு பக்கமும் பசை தடவி, ஓரம் கிளம்பாமல், வருஷாவருஷம் ஆசீர்வாதத்தை ஒட்டுகிற அதே இடத்தில் அதை ஒட்டியிருந்தார்கள். சுலோசனா அதற்குக் கீழே நுழைந்து போக வேண்டியிருந்தது.

கிருபாவதி கட்டிலில் சாய்ந்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. சுலோசனா தரையில் உட்கார்ந்தாள்.

"மதினி, அதக் கிழிச்சுப் போடுங்க. அது சாமி சொன்னது இல்ல. நான் எழுதினது. அவருக்குன்னு வச்சேன், உங்க கையில வந்துட்டு."

"தெரியும்" என்றாள் கிருபாவதி.

"தெரியுமா?"

"எங்கம்மாவுக்கு எத்தன காயிதம் நீ எழுதித் தந்திருக்க. உன் எழுத்து எனக்குத் தெரியாதா? பிரிச்ச உடனே தெரிஞ்சிட்டு."

"அப்ப ஏன் வாசிச்சிய? வேற ஏதாவது ஒரு வசனத்த மனப்பாடமாச் சொல்லியிருக்கலாமே. உங்களுக்குத் தெரியாததா?"

கிருபாவதி எழுந்து உட்கார்ந்தாள். "எழுத்துதான உன்னுது. வசனம் உன்னுதா? நீ பொறாமையில எழுது, கோவத்துல எழுது, யார் எழுதினா என்ன, அது வேதத்துல இருக்குல்லா. அது எனக்கு வந்ததுதான். ஸ்டோர் சாவிய அவரு மேஸ்திரிகிட்டக் குடுத்துட்டு வெளிய போனது எனக்குத் தெரியும். பெட்டி போச்சுன்னதும் தன் வேலை போயிரும்னு பயந்து உன் வீட்டுக்காரர் தலையில வச்சதும் தெரியும். தெரிஞ்சுதான் இத்தன நாள் வாய மூடிக்கிட்டு காலையும் மாலையும் வேதம் வாசிச்சேன். எந்தப் பக்கத்தத் திறந்தாலும் என்னத்தான் பாத்துச்சு. நீ எழுதாட்டாலும் ஒருநாள் வந்திருக்கும்."

சுலோசனா சாபத்தைத் தான் அனுப்பியதாக நினைத்திருந்தாள். இந்தப் பெண் அதை வாசலில் போய் நின்று வாங்கியிருக்கிறாள்.

"அவரு நாளைக்குக் கம்பெனிக்குப் போய் உள்ளதச் சொல்லுதேன்னு இருக்காரு" என்றாள் கிருபாவதி. "ஆண்டவரே என் வீட்டுப் பேரப் போட்டு எழுதிட்டாரேன்னு அன்னையிலேருந்து ஒரு ராத்திரியும் தூங்கல. அது உன் எழுத்துன்னு நான் சொல்லல. நீயும் சொல்லாத. உன்னைய நினைச்சா அவரு போகமாட்டாரு. உனக்குச் சொல்லணும்னு நாக்கு துடிக்கும். துடிச்சா கடிச்சுக்க."

கடிக்க வேண்டிய நேரம் உடனே வந்தது. தேவசித்தம் வெளியிலிருந்து வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். சுலோசனாவைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றார்.

"சுலோசனா, நாளைக்கு அர்ஜுனனக் கம்பெனிக்கு வரச் சொல்லு. எல்லார் முன்னாலயும் சொல்லணும்" என்றார். குரல் உடைந்திருந்தது, அவள் எத்தனையோ ஞாயிறுகள் கற்பனை பண்ணிப் பார்த்த அதே மாதிரி. "இத்தன வருஷம் அந்தப் புத்தகத்தப் பையிலயே வச்சிக்கிட்டு அலைஞ்சேன். அது என்னையப் பாத்துப் பேசும்னு நினைக்கவே இல்ல."

அது பேசவில்லை, பேசவைத்தது நான். உன் வாயை உடைத்தது ஒரு திருடன் பெண்டாட்டி. அவர் முகத்துக்கு நேரே அதைச் சொல்வதற்காகத்தானே இத்தனை பக்கம் வாசித்தாள்? யார் அடித்தார்கள் என்று அடிபட்டவனுக்குத் தெரியாமல் போனால் அது என்ன பழி? கிருபாவதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுலோசனா, "சொல்லுதேன்" என்றாள். அவ்வளவுதான் வெளியே வந்தது.

மறுநாள் அர்ஜுனன் வீட்டுக்கு வரும்போதே முகம் வேறாக இருந்தது. தாராவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் மனம்விட்டுப் பேசினான்.

"திங்கக்கிழமையிலேருந்து வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. நோட்டீஸ் போர்டுலயே போட்டுட்டாங்க, நான் எடுக்கலன்னு. பெட்டிய எடுத்தவன் அண்ணாச்சி சாவி குடுத்த மேஸ்திரியாம்."

சுலோசனா தாராவின் தலையைத் தடவினாள். கிடைத்துவிட்டது. கணவனின் பெயர் திரும்பி வந்துவிட்டது.

"அண்ணாச்சி என்னமாச் சொன்னாரு" என்று அர்ஜுனன் தொடர்ந்தான். "யாரும் கூப்பிடல, கேக்கல. தானா எந்திரிச்சு நின்னு, நான் பொய்ச்சத்தியம் பண்ணினேன், ஆண்டவர் எனக்கு உணர்த்திட்டாருன்னு அழுதுட்டாரு. அந்த அதிகாரி நாற்காலிய விட்டு எந்திரிச்சு வந்து அவரு கையப் பிடிச்சுக்கிட்டாரு. ஸ்டோர்லேருந்து மாத்துவாங்களாம், அவ்வளவுதான். இப்படி மனசாட்சியுள்ள மனுசன வேலைய விட்டு எடுக்கவா முடியும்னாங்க. எல்லாரும் அவரப் பத்தித்தான் பேசுதாங்க. எனக்கே கண்ணுல தண்ணி வந்துட்டு."

சுலோசனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நன்றாகவே கடித்தாள், உப்பு ருசி தெரிந்தது.

"நீ அந்தப் புத்தகத்த வச்சிக்கிட்டு வேலை வாங்கித் தாரேன்னு சொன்னியே, ஏதாவது செஞ்சியா?"

"நான் என்ன செஞ்சேன். வாசிச்சேன்."

"அதான பாத்தேன்" என்று அர்ஜுனன் சிரித்தான். "வர்ற ஞாயித்துக்கிழமை அண்ணாச்சியையும் மதினியையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். இந்த ஊர்ல தை மாசம் சரஸ்வதி பூஜை வருதுல்லா, மார்க்கெட்டுல இலிஷ் மீன் வந்திருக்கும். அவருக்கு உசிரு. வாங்கிட்டு வாரேன்."

சுலோசனா அரிவாள்மனையைச் சுவரோரத்திலிருந்து இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வெங்காயத்தை எடுத்தாள்.

"வாங்குங்க" என்றாள். "முள்ளு அதிகம் உள்ளதாப் பாத்து வாங்குங்க."